சொக்கம்மாள் உக்கா பிடித்த வரலாறு

தண்ணீர் வழியே புகையிழுக்கும் உக்காவைப் பற்றி எழுதுகிற பெரியவர்கள் டில்லி பாதுஷாவில் தொடங்கி ஐதராபாத் நவாபோடு முடித்துக்கொள்வார்கள். வெள்ளிக் குழாய், பன்னீர், பட்டு மெத்தை. எர்ணாவூர் சொக்கம்மாளை ஒருவரும் எழுதவில்லை. சரித்திரத்துக்கு நேர்ந்த இந்த அநீதியை நான் சரிசெய்தாக வேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து வாக்கில் அவள் எண்ணூர் உப்பளத்தில் கூடை சுமந்தாள். அளத்திலிருந்து கால்வாய்ப் படகு வரை ஓயாத நடை. மத்தியானத்தில் ஆண்கள் மட்டும் குந்துவார்கள், அவர்களிடம் உக்கா இருந்ததால். "உக்கா கொடகொடன்னு கேக்கற வரைக்கும் குந்தலாம்" என்பது மேஸ்திரி சுப்புராயன் இயற்றிய சட்டம். குடிசைக்குள் படுத்தபடி காதாலேயே நிர்வாகம் நடத்துவார். பெண்களுக்கு உக்கா கிடையாது. ஆகவே வலிக்க இடுப்பும் கிடையாது என்று தீர்மானமாகியிருந்தது.

சொக்கம்மாளுக்கு இடுப்பு இருந்தது. நாலு பிள்ளை பெற்ற இடுப்பு. ராயபுரத்தில் கடைக்காரர் லியாகத் அலியிடம் கருவாட்டைக் கொடுத்து, தேங்காய் ஓட்டில் செய்த உக்கா ஒன்று வாங்கி வந்தாள். முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் புகையிலையையும் நெருப்பையும் தள்ளிவைத்தாள். ஓட்டில் தண்ணீர், கிண்ணத்தில் பார்வைக்குச் சாம்பல். உறிஞ்சினால் அதே கொடகொட.

பெண்கள் முறைபோட்டு உறிஞ்சினார்கள். ஆண்களின் உக்கா அணைந்த பிறகும் இங்கே சத்தம் ஓயவில்லை. மேஸ்திரி எழுந்து வந்தார்.

"இன்னாடி இது, பொகையே காணோம்?"

"நீயே இஸ்துப் பாரு மேஸ்திரி. உள்ள எங்கனா கீதோ இன்னாவோ."

இழுத்தார். கொடகொட. புகை இல்லை. இன்னும் பலமாக இழுத்தார். கூடையைத் தூக்கப்போன இன்னொருத்தி, மங்கை என்பவள், மறுபடி உட்கார்ந்தாள்.

"நீ ஏன்டி குந்தற?"

"சத்தம் கேக்குதே."

மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வெறும் தண்ணி. எல்லாம் எய்ந்திரிங்க."

யாரும் அசையவில்லை. சொக்கம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்ப நீ இம்மாம் நேரம் தண்ணியவா உறிஞ்சிகினு இருந்த? படகுக்காரங்க கேட்டா அப்டியே சொல்லிர்றேன்."

கால்வாய்ப் பக்கம் படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மூக்கு வழியாக, இல்லாத புகையை நீளமாக விட்டார்.

"சரக்கு பரவால்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று முதல் அந்த அளத்தில் பெண்களும் குந்தினார்கள். ஆயுளில் ஒரே ஒரு இழுப்புப் புகை பிடித்த சொக்கம்மாளுக்கு, சாகும்வரை உக்காக்காரி என்றே பெயர். இப்படியொரு பட்டம் வாங்கப் பாதுஷாக்களே இதைவிட அதிகமாகப் புகைக்க வேண்டியிருந்தது.