கோட்டைக்குப் பின்னால் இரண்டு முறை உதித்த நிலா

பங்குனிப் பௌர்ணமியன்று பிற்பகல் இரண்டரைக்கு, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி ஏறினேன். ராசிபுரம் வழி, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். மடியில் கேமராப் பை, காலிடுக்கில் கேமராவை நிறுத்தும் முக்காலி. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். அன்று கடைக்கு அரை நாள் லீவு விட்டதில் என் மனைவிக்கு வருத்தம்தான். ராசிபுரத்தில் அரைக் கிலோ நெய் வாங்கி அதைச் சரிக்கட்டினேன்.

நாமக்கல் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் நடுவே ஒரே பாறை, அதன் தலையில் கோட்டை மதில். ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது மலைக் கணக்கிலேயே வராது. ஆனால் அந்த மதிலுக்குப் பின்னாலிருந்து முழுநிலா எழுந்து வந்தால் சேலத்துக்காரன் வாயை மூடிக்கொள்வான். அடிவாரத்தில் நின்று எடுத்தால் நிலா பொட்டு மாதிரிதான் விழும். மேற்கே இரண்டரை கிலோமீட்டராவது தள்ளி நின்று நீள லென்ஸைப் போட்டால்தான் மதில்மேல் தாம்பாளம் போல வந்து உட்காரும்.

தைப் பௌர்ணமிக்கு மேகம் கெடுத்தது. மாசியில் என் கணக்கே பிசகியது. பங்குனிக்குத் திருச்செங்கோடு சாலைப் பக்கம் ஒரு தோட்டம் சரியாக அமைந்தது. அடுத்த மாதம் நிலா தெற்கே தள்ளி உதிக்கும், நான் வடக்கே தள்ளி நிற்க வேண்டும். அங்கே இருப்பதோ கோழிப்பண்ணைகள். நோய் வந்துவிடும் என்று வெளியாளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஆக, இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

நான்கரைக்கு நாமக்கல்லில் இறங்கி, போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்கு ஓர் ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் செந்தில் முக்காலியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நெலாவ எடுக்கச் சேலத்துல இருந்து வாறீங்களா? அங்கெல்லாம் நெலா வாரதில்லீங்களா?"

வருகிறது, ஆனால் நிற்க இடம் கொடுப்பதில்லை என்றேன். அவர் சிரித்தபடி வண்டியை எடுத்தார்.

ஐந்து மணிக்குத் தோட்டத்தை அடைந்தபோது என் சிரிப்பு போய்விட்டது. நான் நிற்கவேண்டிய வரப்புக்கு நேர் முன்னால், கோட்டையை மறைத்துக்கொண்டு ஒரு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தது. கல்லுத்தூள் வெள்ளையாக மேலே பாய்ந்து வானத்தையே பூசியது. அதைச் சுற்றிப் போக முடியாதபடி இருபுறமும் தென்னந்தோப்பு. எனக்கு அழுகை வராத குறை.

தோட்டத்துக்காரர் சரஸ்வதி அக்கா தலையெல்லாம் தூளாக ஓடி வந்தார். கணவர் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தார். தோட்டம், மாடு, கடன் எல்லாம் இவர் பொறுப்பு. ஏற்கெனவே போட்ட இரண்டு போரும் புகைந்ததோடு சரி. இதிலும் தண்ணீர் வராவிட்டால் தென்னையை வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பவேண்டியதுதான்.

"நீங்கதானுங்க தம்பி, பங்குனிப் பௌர்ணமி நல்ல நாளுன்னு சொன்னீங்க. அதான் வண்டிய இன்னிக்கே வரச்சொல்லிப் பூசையும் போட்டுட்டேன்."

சொன்னது உண்மை. போன மாதம் அனுமதி கேட்க வந்தபோது, பேச்சு இனிக்கட்டுமே என்று "நல்ல நாள்" என்று சேர்த்துவைத்தேன். ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன் நான், எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்? வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஆறு இருபது. நிலா உதித்திருக்கும். மதிலுக்கு மேல் தலைகாட்ட இன்னும் எட்டு நிமிடம். தூளின் வழியே கோட்டையின் நிழல்கூடத் தெரியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார், நேரே ரிக்காரரிடம் போனார். பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று அவரே கேட்டார்.

ரிக்காரர் எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "இந்த ஆழத்துல நிறுத்துனா தூள் எறங்கி அடியில துளைக்கிற ஹேமரப் புடிச்சுக்குமுங்க. அப்புறம் குழியே போச்சு. நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்க. நிறுத்தட்டுமா, சொல்லுங்க."

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்றிருந்தால் நிறுத்தியிருப்பார். மூன்று மாதமாக நான் ஏங்கிய படம் ஒரு தலையசைப்பில் இருந்தது. வேண்டாமென்று கையைக் காட்டினேன். மனம் வலித்தது, அதை மறைப்பானேன்? லென்ஸுக்கு மூடியைப் போட்டேன்.

ஆறு முப்பத்தைந்து இருக்கும். ரிக்கின் சத்தம் மாறியது. வெள்ளைத் தூள் திடீரென்று கறுத்துச் சேறாகி, அடுத்த மூச்சில் தண்ணீராகக் கொட்டியது. அக்கா அந்தச் சேற்றுத் தண்ணீரில் போய் நின்றார், அப்படியே நனைந்தார். வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்தது. நிலா மதிலுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறித் தனியாக நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறிய நிலாவை இறக்க ஒரு வழி உண்டு. கோட்டையை நோக்கிப் போகப் போகக் கோட்டை உயரும், நிலா அதன் பின்னே அமிழும். ஆட்டோவில் தாவி ஏறி, நேரே கோட்டைக்கு விடச் சொன்னேன்.

செந்தில் ஏன் என்று கேட்காமல் விட்டார். ஒன்றரை கிலோமீட்டர் போனதும் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை வாசலில் நிறுத்தச் செய்தேன். நினைத்தபடியே நிலா மதிலுக்குப் பின்னால் போயிருந்தது. முக்காலியை ஊன்றி மூச்சு வாங்குவதற்குள், மதிலின் பல்வரிசைக்கு நடுவே மஞ்சளாக ஒரு விளிம்பு. பிறகு பாதி. பிறகு முழுசும். அன்றைக்கு இரண்டாவது தடவையாக எனக்காக உதித்தது. தாம்பாளம் இல்லை, ஒரு தோசையளவுதான், ஆனால் துல்லியம்.

"அட, எறங்கிப்போன நெலா மறுபடி ஏறுதுங்க!" என்றார் செந்தில். பிறகு தன் கைப்பேசியில் அவரும் ஒன்று எடுத்தார். அதில் பட்டறையின் ட்யூப் லைட் மட்டும் விழுந்தது.

தோட்டத்துக்குத் திரும்பிப் படத்தைக் காட்டினேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். செந்தில் கேமராத் திரையைத் தன் கைப்பேசியில் எடுத்துத் தர, அக்கா அதைக் கணவருக்கு அனுப்பினார். நாக்பூரிலிருந்து உடனே பதில் வந்தது: தண்ணி எத்தனை இஞ்சு? மூன்று இஞ்சு என்று அக்கா நானும் கேட்கும்படி உரக்கச் சொல்லி அனுப்பினார். தென்னையெல்லாம் பிழைத்துக்கொள்ளும் அளவு அது.

எட்டு மணி வண்டியில் சேலம் திரும்பினேன். மல்லூரைத் தாண்டும்போது நிலா பேருந்து ஜன்னலில் கூடவே வந்தது. எங்கள் ஊர் நிலாவும் இதுதான், ஆனால் அங்கே நான் அதற்காக ஓடியதில்லை. கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"சரஸ்வதி அக்கா தோட்டத்துக்கு வடக்கால தோட்டமுங்க. அக்காதான் நம்பரு குடுத்தாங்க. அடுத்த பௌர்ணமிக்கு நாங்க போர் போடலாம்னு இருக்கறோம். நேரம் பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடி விற்பவன், தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் அசையவில்லை.

"தெரிய வேண்டாமுங்க. நீங்க வந்து கேமராவ நட்டு நின்னாப் போதும். கோழிப்பண்ணைதான், கால மருந்துத் தண்ணில நனைச்சுட்டு வந்தீங்கன்னா உள்ள உட்ருவோமுங்க."

மறுப்பதற்குத்தான் வாயைத் திறந்தேன். வந்த கேள்வி வேறு: "உங்க பண்ணையிலிருந்து கோட்டை தெரியுங்களா?"