சித்தியின் காதும் பிய்ந்த சார்ஜரும்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குச் சித்தி என்றுதான் பெயர். மேல்மாடியில் அக்கா வீடு. அக்காவின் பிள்ளைகள் இரண்டும் படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் "சித்தி! சித்தி!" என்று கூப்பாடு போட்டதில், அடுத்த வீடு, எதிர் வீடு, பார்சல் கொண்டுவருகிறவர் என்று எல்லோருக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். பார்சல்காரர் அவளைவிட வயதில் மூத்தவர் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அவர் உட்பட.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். சித்தி இயர்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பாள். ஒருவர் சொல்லைப் பாதி மென்று விழுங்கிவிடுவார். ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசுவார். இன்னொருவர் வாக்கியத்துக்கு நடுவில் தேநீரை உறிஞ்சுவார். எந்த இரைச்சலுக்குள் எந்தச் சொல் பதுங்கியிருந்தாலும் சித்தியின் காது அதைப் பிடித்து வெளியே இழுத்துவிடும்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியில் ஏதாவது கடகடத்தால் பணிமனைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த ஆசையை எல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் தீர்த்துக்கொள்வார். அவர் பிரித்து மாட்டிய சுவர்க் கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது. மிஞ்சிப்போன திருகாணிகள் எங்கே இருக்க வேண்டியவை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

லேப்டாப் சார்ஜரின் வயர், லேப்டாப்பில் சொருகும் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி வெடிக்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து செம்பு இழைகள் எட்டிப்பார்த்தன. அவர் டேப்பைச் சுற்றினார். மறுபடி வெடித்தது, மறுபடி சுற்றினார். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி வயரின் கழுத்து புடைத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வயரை அதன்மேல் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை. பக்கத்தில் யாராவது தும்மினால் நின்றுவிடும்.

அந்தப் பழைய மாடலுக்குப் பொருந்துகிற பின் உள்ள சார்ஜர் உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்தாள். அது வந்து சேர்வதற்குள், கணவருக்கு வார விடுமுறையான ஒரு காலையில், சார்ஜர் அடியோடு நின்றுபோனது. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய பதிவுகள் பாதிதான் முடிந்திருந்தன.

"என்னங்க, இது போயே போச்சு," என்றாள்.

அவர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"பதறாதே. நானிருக்கேன்ல?"

"அதனாலதான் பதறுது."

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிய்ந்த இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தார். நடுவில் வெள்ளை உறை போட்ட ஒரு கம்பி, அதைச் சுற்றிலும் சடை பின்னிய மாதிரி மெல்லிய இழைகள். உள்ளே உள்ளதை உள்ளே உள்ளதோடும், வெளியே உள்ளதை வெளியே உள்ளதோடும் முறுக்கி, ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். கூடமெங்கும் புகை வாடை. டேப்பைச் சுற்றி, மாப்பிள்ளை மிடுக்கோடு பிளக்கைச் சொருகினார்.

அடாப்டரின் பச்சை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு அணைந்தது. பிறகு எரியவே இல்லை.

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வயரு மட்டும்தான் போயிருந்துச்சு. இப்ப மொத்தத்தையும் நானே கொன்னுட்டேன்."

சித்திக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. கன்னத்தில் காய்ந்த நுரையோடு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கலாம் என்று குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்களேன்."

ஃபேன் நின்றது. அடாப்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். டிக்... டிக்... டிக். மேசையில் கடுகு விழுகிற அளவுக்குத்தான் சத்தம்.

"உயிர் இருக்குங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"எழுந்திரிக்கப் பாக்குது, உடனே உக்காந்துடுது. மறுபடி எழுந்திரிக்கப் பாக்குது. ஏதோ ஒண்ணு அதைப் பிடிச்சு இழுக்குது."

அவர் துள்ளி எழுந்தார். "உள்கம்பியும் வெளிக்கம்பியும் எங்கேயோ தொட்டுக்கிட்டிருக்கு! அதான் பயந்து நின்னு நின்னு போகுது!"

பிளக்கைப் பிடுங்கி டேப்பை உரித்தார்கள். அவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். வெளிப்பின்னலிலிருந்து தப்பிய ஒற்றை இழை, முடியைவிட மெல்லிசாக, உள்கம்பியின்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"இத்துனூண்டு, என்ன பாடு படுத்திடுச்சு பாரு!" என்று அதைக் கத்தரித்தவர், பற்றவைத்ததையும் பிரித்துவிட்டு மறுபடி முறுக்கப் போனார்.

"முதல்ல அதை மாட்டுங்க," என்று மேசைக்குக் கை காட்டினாள். சூடு காட்டினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும் கறுப்புக் குழாய்கள், காலையிலேயே அவர் எடுத்து வைத்தவை, தொடப்படாமல் அங்கேயே கிடந்தன. அவர் அசடு வழிந்தபடி அவற்றை வயரில் கோத்துக்கொண்டார். கம்பிகளை மறுபடி முறுக்கிப் பற்றவைத்தார். இந்த முறை உள்கம்பிக்கு ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். தீக்குச்சியை அவள் உரசிக் கொடுக்க, குழாய்கள் சுருங்கி வயரோடு வயராக ஒட்டிக்கொண்டன.

பிளக்கைச் சொருகும் வேலையை அவர் அவளிடமே விட்டுவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எரிந்துகொண்டே இருந்தது.

"போய் முகத்தைக் கழுவுங்க," என்றாள். சாயங்காலத்துக்குள் பதிவுகளை எல்லாம் முடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பணிமனையில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இதைச் சொன்னாராம். "நான் கண்ணால தேடினேன். எங்க வீட்டம்மா காதாலயே பாத்துட்டா." அவர் கதையில் ஈயப் புகைக்கும் ஒரு பெரிய பங்கு இருந்தது.

வெட்டி எறிந்ததில் வயர் ஒரு சாண் குறைந்துவிட்டது. மேசை இருந்த மூலைக்கு அது எட்டவில்லை. இருவருமாகச் சேர்ந்து மேசையை ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அங்கே பகல் முழுக்க விளக்கில்லாமல் வேலை செய்யலாம். காற்றும் வந்தது. இத்தனை வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்தபடி சித்தி ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.