வெங்கடம்மாவின் வரட்டிச் சுவர்

ஆந்திரம் தனி மாநிலமான மறு வருஷம், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் யாரும் எழுதாமல் தப்பித்திருந்தது ஒரே ஒரு சுவர். அது வெங்கடம்மாவின் வீட்டுச் சுவர்.

ஊர் எந்தப் பக்கம் சேரவேண்டும் என்று தமிழ்க் கட்சியும் தெலுங்குக் கட்சியும் கண்ட சுவரிலெல்லாம் காவியால் எழுதித் தள்ளின. பள்ளிக்கூடத்தை விடவில்லை, கோயில் மதிலையும் விடவில்லை. பஞ்சாயத்து போர்டு ஆள் முனியப்பன் வாளியும் மட்டையுமாகப் பின்னாலேயே போய்ச் சுண்ணாம்பு அடித்து அழித்துக்கொண்டிருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தும் வெங்கடம்மாவின் சுவர் பக்கம் ஒருவனும் வரவில்லை. மேலிருந்து கீழ்வரை வரட்டி. இரண்டு எருமை, ஒரு சுவர், இதுதான் அவள் பிழைப்பு.

இப்போது அந்த வரட்டியே அவளுக்கு இடைஞ்சலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சத்தியவேட்டிலிருந்து மகள் தாட்சாயணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள், சுவரைப் பார்த்தார்கள், அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். வெங்கடம்மா வரட்டியையெல்லாம் பெயர்த்தெடுத்தாள். சுவர் அம்மை வார்த்த முகம் மாதிரி வட்டம் வட்டமாக இளித்தது.

"முனியப்பண்ணே, அப்டியே இந்தச் சுவத்துக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போயேன்."

"எழுத்து இருக்கிற சுவத்துக்குத்தான் பஞ்சாயத்து சுண்ணாம்பு. ஒன் சுவத்துல இன்னா கீது? சாணிதான் கீது."

"எழுத்து இருந்தா அடிப்பியா?"

"அடிச்சித்தான ஆவணும்? பிரெசிடெண்ட் ஆர்டரு."

அவள் நேராக டீக்கடைக்குப் போனாள். தமிழ்க் கட்சிக்கு எழுதும் செங்கல்வராயன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"ஏம்பா, ஊரெல்லாம் எழுதிக்கினு போறியே, நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்?"

துடைப்பத்தோடு துரத்திய பெண்களைத்தான் அவன் கண்டிருக்கிறான். கூப்பிட்டு எழுதச் சொன்னவள் இவள்தான். நெகிழ்ந்துபோய் வந்து, சுவரின் நடுவில் அழகாக ஒரு வரி எழுதினான். முனியப்பன் வந்து அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு வாளியைத் தூக்கினார்.

"இன்னாண்ணே, சுவத்துக்கு விபூதிப் பட்டை போட்டு வெச்சிக்கீற?"

"எழுத்து எவ்ளோ, சுண்ணாம்பு அவ்ளோ."

வெங்கடம்மா அசரவில்லை. தெலுங்குக் கட்சி கோவர்த்தனனிடம் போய், "செங்கல்வராயன் அளவுக்குப் பெருசா எழுத இங்க ஆளே இல்லியாமே" என்றாள்.

"எவுரு செப்பினது?" என்று அவன் எழுந்தே விட்டான்.

அவன் முழ உயரத்துக்கு எழுதினான் என்று இவனிடம் சொன்னாள். இவன் ஆள் உயரத்துக்கு எழுதினான் என்று அவனிடம் சொன்னாள். ஊரில் இருந்தது ஒரே ஏணி. அவன் ஏறினால் இவன் பிடித்துக்கொண்டான், இவன் ஏறினால் அவன் பிடித்துக்கொண்டான். வியாழக்கிழமை சுவரில் விரல் வைக்க இடமில்லை. முனியப்பன் இருவரின் வம்சத்தையும் வாய் ஓயாமல் வாழ்த்திக்கொண்டே முழுச் சுவரையும் அடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு வெள்ளை. "எங்களுக்கோசரமா அடிச்சீங்க?"

"எங்க ஊர்ல பஞ்சாயத்தே வந்து அடிச்சிக் குடுக்கும்" என்றாள் வெங்கடம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

மறுநாள் காலையில் சுவர் முழுக்க மறுபடியும் காவி. ருசி கண்ட இரண்டு கட்சியும் விடுமா? முனியப்பன் காலி வாளியோடு வாசலில் வந்து நின்றார்.

"தாயே, ஒனுக்குப் புண்ணியமாப் போவும். பழையபடி வரட்டியே தட்டு. அது இருந்தப்ப ஒருத்தனும் கிட்ட வரல."

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்ண்ணே."

"அதுவரைக்கும்?"

"நீ அடி. அப்பால என் சுவரு இன்னா, ஒங்க ஆபீஸ் சுவத்துலயும் சேத்துத் தட்டிக் குடுக்கறேன்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். முனியப்பன் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தபடி ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

"பிரெசிடெண்ட கேட்டுக்கினு வந்து சொல்றேன்."