ஏற்றத்தில் கொதிக்கும் ஜீப்

பட்டறையில் அவருக்கு ஒத்தையாள் என்று பெயர். எஞ்சினை இறக்குவதானாலும் சரி, ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொள்வதானாலும் சரி, பக்கத்தில் ஆளை விடமாட்டார். ‘நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்தவர் கை பட்டால் வேலை கெட்டுவிடும் என்று ஒரு வறட்டுப் பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் இத்தனை காலம் சோறு போட்டது, இல்லையென்று சொல்லவில்லை. இந்த முறை அதுவே மனுஷனைப் போட்டு வாட்டியது.

வாரத்தில் இரண்டு நாள் அவர் மனைவிக்கு டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்தச் செங்குத்து ரோட்டுக்கு அவர்களிடம் இருப்பது பழைய ஜீப் ஒன்றுதான். கொஞ்ச நாளாக அது நடு ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடுகிறது. ரேடியேட்டரைக் கழுவினார், தெர்மோஸ்டாட்டையும் பெல்ட்டையும் மாற்றினார், தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பிடிபடவில்லை. வாசலில் ஓடவிட்டால் சூடு காட்டும் முள் சாதுவாகப் பாதியில் நிற்கும். மலையைக் கண்டால் சிவப்புக்கு ஓடும். எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது இழுத்துவிடலாம் என்று, கொளுத்தும் வெயிலிலும், போகையிலும் வருகையிலும் உள்ளே ஹீட்டரைத் திறந்துவைத்து ஓட்டினார். அவள் ஒன்றும் சொல்லாமல் சாய்ந்து வருவாள். நோயாளியைப் போட்டு வேகவைக்கிறோமே என்று அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

போன தடவை வண்டி ஆறும்வரை அவள் ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது நேரம் தப்பிவிட்டது, அடுத்த ஆளுக்காகப் பாதியிலேயே மெஷினை நிறுத்திவிட்டார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

“இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நான் வரலங்க. என்னாலயும் முடியல. நீங்க படற பாட்டைப் பாக்கவும் முடியல.”

வராவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த தடவைக்கு முந்தின நாள் மத்தியானம், பானட்டைத் தூக்கி வைத்து மறுபடி மல்லுக்கட்டினார். எஞ்சினை முறுக்க ஆக்சிலேட்டர் கம்பியைப் பிடித்தால் கண் அடிப்பக்கம் எட்டாது. குனிந்தால் கை கம்பிக்கு எட்டாது. அலுத்துப்போய் மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

“மிதிக்க ஆள் வேணுமா?” என்றாள் பின்னாலிருந்து.

நீ தள்ளு என்று வாயெடுத்தார். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை, சரியென்று தலையை ஆட்டினார்.

வீங்கிய காலில் செருப்பு நுழையாது. வெறுங்காலோடு ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் ஏற்றத்தில் கத்துவதுபோலக் கத்தியது. அவர் கண்ணெதிரே, ரேடியேட்டருக்கு அடியிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்கு இழுபட்டுச் சப்பையாக ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தாள், பழையபடி உப்பியது. அடப்பாவி! வேகமெடுத்தால்தானே தண்ணீர் வழி அடைபடுகிறது, வாசலில் சும்மா ஓடவிட்டால் எப்படித் தெரியும்? ஹோஸ் ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. துருப்பிடித்துவிட்டதென்று போன வருஷம் அதை உருவி எறிந்தவர் சாட்சாத் இவரேதான். அப்போது ரப்பர் விறைப்பாக இருந்து தாங்கியது, இப்போது தளர்ந்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார் என்றால் இவரைத்தான் சொல்லவேண்டும். சாயங்காலத்துக்குள் ஸ்பிரிங்கோடு புது ஹோஸ் வாங்கிப் போட்டுவிட்டார்.

மறுநாள் ஜீப் முணுமுணுக்காமல் ஏறியது. அவள் முழு நேரமும் மெஷினில் இருந்துவிட்டு வந்தாள். திரும்பும்போது, இனி உனக்கு அந்த வேக்காடு இல்லை என்று பெருமையாக ஹீட்டரை அடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். நாலு வளைவு தாண்டியிருக்காது, அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“அதைப் போடுங்களேன். மெஷின்ல இருந்து எழுந்தா எலும்பு வரைக்கும் குளிருதுங்க. இத்தனை நாளும் அந்தச் சூட்டுலதான் வீடு வந்து சேர்ந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

அவர் ஜன்னலை ஏற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்தார். முள் பாதியிலேயே நின்றது. அவள் தூங்கிப்போனாள். அவருக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வீடு வரும்வரை ஹீட்டரை அவர் அடைக்கவில்லை.