இரண்டு சன்னல்கள்

சுற்றுலா வருகிறவர்கள் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளும்படி எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். போன திங்கட்கிழமை, சமையலறைப் புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஈர விறகை மூட்டினார். பனிமூட்டத்துக்காகச் சன்னல்களைச் சாத்தியிருந்தோம். புகை மேலே போகாமல் அறைக்குள் இறங்கியது.

இதே இடத்தில்தான் எங்கள் பழைய அடுப்படி இருந்தது. அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளில் விதைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். புகை பட்டால்தான் அது அழுகாது. அதனால் அங்கிருந்த ஒரே சன்னலையும் அப்பா பலகை வைத்து அடித்துவிட்டார்.

“அந்தப் பலகையக் கழட்டுங்க. மூச்சு முட்டுது,” என்பாள் அம்மா.

“விதை அழுகிட்டா அடுத்த வெள்ளாமைக்கு எங்க போய் நிக்கிறது?”

“ஆமா, பூண்டு நல்லாருக்கட்டும். நான் எப்படிக் கெடந்தா என்ன?”

அப்பா ஒரு பூண்டை அமுக்கிப் பார்ப்பார்.

பூண்டு கழியில் ஏறிய நாளையும் இறங்கிய நாளையும் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வந்தேன். அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அம்மாவின் இருமல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கொத்தனார் இரண்டு சன்னல்களையும் திறந்துவிட்டார். வாசற்படியில் நின்ற அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி புகை வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாளு தங்கிப் போறவுகளுக்கு ரெண்டு சன்னலு!” என்றாள்.

கொத்தனார் சிரித்தார். நான் தேதி போட்டு அம்மா சொன்னதை எழுதிக்கொண்டேன்.