வலையில் வந்த செருப்பு

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மீனவரின் ஒரு காலில் சிவப்புச் செருப்பு. மறுகாலில் குழந்தைகள் போடும் வாத்துப் படச் செருப்பு. குதிகால் பாதி வெளியே. நான் சிரிப்பை அடக்கியதைப் பார்த்துவிட்டார்.

“ரெண்டும் வலையில வந்துது சார். இப்பல்லாம் மீனு கம்மி, பிளாஸ்டிக்தான் ஜாஸ்தி. ஆனா கடலு ஜோடியா மட்டும் குடுக்காது.”

காலையில் பழவேற்காட்டு அலை என் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனதைச் சொன்னேன். அவர் குனிந்து, மிச்சமிருந்ததன் பக்கத்தில் தன் பாதத்தை வைத்து அளவு பார்த்தார்.

“ஒத்தைய வச்சிக்கினு இன்னா சார் பண்ணப் போற? என்னான்ட குடு. இன்னொண்ணு எப்டியும் என் வலைக்குத்தான் வரும்.”

பெட்டியே சிரித்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடும் நடைமேடையில் குதித்துக் குதித்து ஓடினேன்.

இப்போதும் பழவேற்காடு போனால், ஜோடி சேர்ந்துவிட்டதா என்று மீனவர்களின் கால்களைத்தான் பார்க்கிறேன்.