கோர்வை ஆளின் கூலி

எங்கள் எதிர்வீட்டு சம்பூர்ணம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவள் புருஷன் வீரபத்திரன் பட்டு நெய்பவர். கோர்வைச் சேலை என்றால் தனியாகக் கோத்து நெய்கிற கரைக்கு ஊடுநூல் நாடா தள்ள இன்னொரு ஆள் தறியில் கூட உட்கார வேண்டும். அந்த ஆளுக்கு வீரபத்திரன் தன் கூலியிலிருந்துதான் கொடுப்பார். சின்ன காஞ்சிபுரம் முழுக்க அதுதான் வழக்கம்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தொகை சொன்னார். சம்பூர்ணம் கம்மலை விற்றுக் கட்டினாள். இதற்குமேல் ஏதாவது உண்டா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதம் சிட்டிபாபு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பணம் வசூலித்துப் பிழைக்கிற ஜென்மம். வெற்றிலை எச்சிலைக் கோலத்தின் மேலேயே துப்பினான்.

"மெட்ராஸ்லேருந்து மயக்க டாக்டர் வந்தாரும்மா. அவருக்குத் தனி."

"அவரை நாங்க கூப்பிடலியேபா!"

"ஊசி உன் ஊட்டுக்காரருக்குத்தானே போட்டாரு?"

"கோர்வை ஆளுக்கு நாங்கதான் கூலி குடுக்கறோம். சேலை கட்டறவங்க ஊட்டுல போயா அவன் நிக்கறான்?"

சிட்டிபாபு சிரித்தான். மறுவாரம் தெருவே கேட்க ஏசிவிட்டு, நேரே உள்ளே போய்த் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலைக் கத்தரிக்கோலால் அறுத்தான். கோர்ட் உத்தரவு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தப் பாவு, நெய்யச் சொல்லி முதலாளி கொடுத்த பட்டு. அந்த நஷ்டமும் வீரபத்திரன் தலையில். பயந்துபோய் மயக்க டாக்டர் பணத்தையும் கடன் வாங்கிக் கட்டினார்கள். தூ! படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

தறி வெறுமையாகக் கிடந்தது. சம்பூர்ணம் தினமும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். வருகிறவர்களிடமெல்லாம், "மயக்க ஊசிக்குத் தனியான்னு மொதல்ல கேளுங்கம்மா" என்றாள். வாட்ச்மேன் விரட்டினால் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தபோது முசரவாக்கத்து எல்லம்மாள் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தாள். ஆபரேஷன் என்றதும், சம்பூர்ணம் சொல்லிக்கொடுத்ததை அத்தனை பேர் நடுவில் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். டாக்டர் சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் சேர்த்துதாம்மா. தனியா ஒண்ணும் கிடையாது" என்று இளித்தார்.

வாசலில் நின்ற சம்பூர்ணம் உள்ளே வந்தாள். அன்றைக்குத்தான் அவள் கத்தி நான் கேட்டேன்.

"அப்போ எங்க பாவை எதுக்குய்யா அறுத்தீங்க?"